ஜாய், ஜியாவ்: நோன்பும் மடையும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். சீனாவின் தாவோ நெறிச் சடங்குப் பெயர்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் வந்த கேள்விகளுக்கு இது மறுமொழி. ஜாய் என்பது நோற்றுத் தூய்மையடையும் சடங்கு, ஜியாவ் என்பது தெய்வங்களுக்குப் படைக்கும் சடங்கு.

> ஜாய் என்பதற்கு உபவாசம், ஜியாவ் என்பதற்கு வேள்வி என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

ஐயா, இரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது. பின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

வேள்வி என்றதும் குண்டமும் நெய்யும் ஆகுதியும் நினைவுக்கு வரும். தாவோ நெறியின் ஜியாவில் உணவை நெருப்பில் இடும் வழக்கம் இல்லை. தூபம், மலர், விளக்கு, நீர், கனி, தேநீர், மது எல்லாம் மேசைமேல் படைக்கப்படும். தீயில் போவது தாள்தான். அதில் முதன்மையானது ஒரு மடல். ஊரார் பெயர்களையும் வேண்டுதலையும் அரசவை நடையில் எழுதி, முத்திரையிட்டு, உரக்க வாசித்து, பூசகர் அதை எரித்து மேலுலகுக்கு அனுப்புகிறார். 'விண்ணப்பம்' என்ற நம் பழஞ்சொல் இந்த மடலுக்கு அப்படியே பொருந்தும்.

முன்பு ஒருவர் பரிந்துரைத்த 'பலி' இன்னும் பெரிய பிழைக்கு இடம் தரும். பழந்தமிழில் பலி என்றால் படையல்தான். ஆனால் இன்று அதைக் கேட்கிறவர் மனத்தில் கிடாவும் அரிவாளும்தான் வரும். தாவோ நெறியோ இரத்தப் படையலை எதிர்த்துத் தன்னை வரையறுத்துக்கொண்டது. 5ஆம் நூற்றாண்டில் சடங்குகளை ஒழுங்குபடுத்திய லூ ஷியூஜிங் (406–477) தெய்வங்களோடு கொண்ட உடன்படிக்கையைப் பதிவு செய்திருக்கிறார்: தெய்வங்கள் உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை; ஆசான் பணம் வாங்குவதுமில்லை. ஊர்க் கோயில்களில் விலங்கு வெட்டிப் படைத்த வழக்கத்துக்கு எதிராக எழுந்த குரல் இது. அந்த மரபின் சடங்குக்குப் பலி என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

என் பரிந்துரை 'மடை'. தெய்வத்துக்குப் படைக்கும் உணவுக்கு இது பழைய சொல். நெல்லைப் பக்கக் கொடை விழாக்களிலும் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் இன்றும் வழங்குகிறது.

> மடை என்றால் மடைதிறந்த வெள்ளம்தானே எல்லோருக்கும் நினைவு வரும்?

தனியே நின்றால் வரும், அம்மா. கூட்டுச்சொல்லில் வராது. ஹாங்காங்கின் சியுங் சாவ் தீவில் நான்காம் சந்திர மாதத்தில் நடக்கும் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக் கோபுரம் ஏறும் போட்டியால் உலகறிந்த அந்த விழாவின் சீனப் பெயர் தாய்பிங் சிங்ஜியாவ். தாய்பிங் என்றால் பேரமைதி, சிங் என்றால் தூய. 2011இல் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. விழாவின்போது தீவில் மரக்கறி உண்பதே மரபு. மெக்டொனால்ட்ஸ் கடைகூட இறைச்சியை நிறுத்தியதுண்டு. காப்பு கட்டிய ஊரில் கவிச்சி புழங்காததுபோல என்று சொன்னால் நம்மவர்க்கு உடனே விளங்கும். இந்தப் பெயரை 'அமைதித் தூமடை' என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளம் குறுக்கே வரவில்லை.

இனி ஜாய். உபவாசம் என்றால் உண்ணாமை என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஜாயில் உணவுக் கட்டுப்பாடு வாசற்படி மட்டுமே. தாவோ நெறியின் பழம்பெரும் நூலான சுவாங்சுவின் நான்காம் இயலில் கன்பூசியஸின் மாணவர் யான் ஹுய் சொல்கிறார்: நான் ஏழை, பல மாதங்களாக மதுவும் இல்லை, கவிச்சியும் இல்லை, இது ஜாய் ஆகுமா? கன்பூசியஸ் மறுமொழி: அது படையலுக்கு முந்திய ஜாய், மனத்தின் ஜாய் அன்று. பின்னாளில் ஜாய் என்பது பல நாள் நீளும் பெருஞ்சடங்கின் பெயராயிற்று. 'சேறும் கரியும்' என்ற ஜாயில் நோற்பவர்கள் முகத்தில் சேறு பூசி, முடியை அவிழ்த்துக் கம்பத்தில் கட்டி, கைகளைப் பின்னால் பிணைத்துக்கொண்டு, தங்கள் குற்றங்களை அறிக்கையிட்டு மன்னிப்பு வேண்டினார்கள். இதை உபவாசம் என்று எப்படி எழுதுவது?

'நோன்பு' எழுதலாம். நோல் என்ற வினையிலேயே தாங்குதல் இருக்கிறது. 'உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை' என்று குறள் தவத்துக்குச் சொன்ன இரண்டு பண்புகளும் இங்கே ஒருங்கே நிற்கின்றன: துன்பத்தைத் தாங்குதல், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை. ஆகவே மனத்தின் ஜாய் 'மனநோன்பு', இறந்தோருக்கான மஞ்சள் பதிவேட்டு ஜாய் 'மஞ்சளேட்டு நோன்பு'.

> இறந்தோர் சடங்குக்கு நோன்பு என்ற பெயர் ஒட்டவில்லையே?

நியாயமான தடைதான். பிற்கால வழக்கில் ஜாய் இறந்தோருக்கும் ஜியாவ் வாழ்வோருக்கும் என்று ஏறத்தாழப் பிரிந்துவிட்டது. ஆனால் அங்கும் சடங்கு நடத்துவோர் நோற்கிறார்கள். அந்த நோன்பின் பயன்தான் இறந்தவர்களுக்குச் சேர்க்கப்படுகிறது. சீனர்களும் சொல்லை மாற்றவில்லை. நாமும் மாற்ற வேண்டாம். இரண்டும் சேர்ந்த ஜாய்ஜியாவ் 'நோன்புமடை'.

எனக்கு மிகவும் பிடித்த சொல்லை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். தைவானில் ஜியாவ் நடக்கும்போது கோயிலின் உள்பகுதி அரசவை ஆகிவிடுகிறது. முத்தூயர் எனப்படும் மூன்று உயர்தெய்வங்களின் ஓவியங்கள் வடக்கே தொங்கும். அன்றாடம் வழிபடும் ஊர்த் தெய்வங்கள் எதிர்ப்பக்கத்துக்கு இடம்பெயர்ந்து, அவைக்கு வந்த விருந்தினராக இருக்கும். பூசகர் அமைச்சரைப் போலக் கையில் நீண்ட பட்டைத் தகடு ஏந்தி, எழுமீன் (சப்தரிஷி) கூட்டத்தின் வடிவில் அடிவைத்து நடந்து, விண்ணகம் ஏறி விண்ணப்பம் செய்கிறார். கதவு சாத்தியிருக்கும், ஊர்ப் பேராளர் சிலர் மட்டும் உள்ளே இருப்பார்கள். காலை, நண்பகல், மாலை என இந்த அவைகூடல் மூன்று. இதன் பெயர் 'சாவ்'; அரசனைக் காணக் கூடும் அவைக்கும் அதே சொல்தான். நமக்கு 'ஓலக்கம்' இருக்கிறதே! காலை ஓலக்கம், உச்சி ஓலக்கம், மாலை ஓலக்கம். 'வழிபாடு' என்று பொதுவாக எழுதினால் அரசவை முழுவதும் மறைந்துபோகும்.

கடைசியாக 'பூது'. ஜியாவின் இறுதியில் நினைப்பாரற்று அலையும் ஆவிகளுக்கெல்லாம் கோயிலுக்கு வெளியே சோறிடும் சடங்கு. பூ என்றால் யாவர்க்கும். து என்றால் அக்கரை சேர்த்தல். 'பொதுக் கரையேற்றம்' என்கிறேன். 'ஆவியூட்டு' என்ற மாற்றும் இழையில் வந்தது. அது சோற்றை மட்டும் சொல்கிறது. பூசகர் ஓதுவது அந்த ஆவிகள் விடுதலை பெறுவதற்காக.

மறுப்பு இல்லையெனில் நோன்பு, மடை, நோன்புமடை, ஓலக்கம், கரையேற்றம் ஐந்தையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். முத்தூயர்க்கு 'மும்மாசிலர்' நல்லதா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்