கலப்பினக் குடுவைச் செடியில் குடுவைகள் வராதது ஏன்?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
அன்பர்களுக்கு வணக்கம். சென்ற கோடையில் வாங்கிய ‘வென்ட்ராட்டா’ என்னும் கலப்பினக் குடுவைச் செடி (இலை நுனிக் குடுவைகளில் பூச்சி பிடிப்பது) இலைகளை நன்றாகவே விடுகிறது. ஆனால், ஜூன் மாதம் முதல் இலை நுனியில் நீளும் பற்றுக்கம்பிகள் குடுவையாகத் திரளாமல் கருகிவிடுகின்றன. தோட்ட மண்ணுடன் சிறிது மாட்டெரு கலந்து தொட்டியை மாற்றினேன். குழாய்த் தண்ணீரே ஊற்றுகிறேன். இதைக் காப்பாற்ற முடியுமா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
முடியும், அம்மா, ஆனால் அந்த மண்ணை உடனே நீக்குங்கள். சத்தற்ற நிலத்தில் வளர்ந்து, பூச்சிகளிலிருந்து நைட்ரஜனைப் பெறப் பழகிய இனம் இது என்பதால், எரு அதன் வேர்களைக் கெடுத்துவிடும். ஸ்பாக்னம் பாசியுடன் (ஈரத்தைத் தேக்கும் பாசி வகை) பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிறக் கல்மணிகள்) கலந்து நடுங்கள். உப்புகள் படியும் குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக மழைநீரை ஊற்றுங்கள். நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் கோடையில்தான் மழை மிகுதி என்பதால், அப்போதே பீப்பாயில் சேமித்துவைப்பது நல்லது. பச்சையாக உள்ள இலைகளை வெட்ட வேண்டாம்.

பதில் (டர்பன்):
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ஜூனில் தொடங்கும் நம் குளிர்காலத்தில் காற்று வறண்டுவிடுவதும் குடுவை திரளாததற்கு ஒரு முக்கியக் காரணம். ‘வென்ட்ராட்டா’வின் பெற்றோரான வென்ட்ரிகோசா, அலாட்டா இரண்டும் ஈரம் மிகுந்த பிலிப்பைன்ஸ் மலைக்காடுகளைச் சேர்ந்தவை. இங்கே வடக்கு நோக்கிய சாளரத்தில் மெல்லிய திரைக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சம் போதுமான அளவு கிடைக்கும். என் செடி இடம் மாற்றிய பின் வந்த புது இலைகளில்தான் குடுவை வைத்தது. பழைய இலைகளில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றே மண்ணை மாற்றுகிறேன்.