2020 மே 2 கணினி டெர்பி: 13 குதிரைகளில் எது முந்தும்?

ஒன்றேகால்மைல்: மே 2 சனிக்கிழமை நடக்க வேண்டிய அமெரிக்கக் குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியை இந்த 2020இல் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பதிலாக அன்று, 1919இன் சர் பார்ட்டன் முதல் 2018இன் ஜஸ்டிஃபை வரை டிரிபிள் கிரவுன் (ஒரே ஆண்டில் டெர்பி உட்பட மூன்று பெரிய பந்தயங்கள்) வென்ற 13 குதிரைகளையும் கணினியில் ஓட விடுகிறார்கள். என் மனம் செக்ரடேரியட் என்ற குதிரையின் பக்கம்தான். அதன் 1973 டெர்பி ஓட்டத்தை நேற்றிரவு மறுபடி பார்த்தேன். கடைசியாகக் கிளம்பி, ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட வேகமாக ஓடி, 1 நிமிடம் 59.4 விநாடியில் முடிக்கிறது! உங்கள் கணிப்பு என்ன?

கடிவாளம்: சியாட்டில் ஸ்லூவை மறக்காதீர்கள் அண்ணே. 1977இல் தோல்வியே காணாமல் மூன்று பட்டமும் வாங்கியது. ஆனால் ஒரு சிக்கல். வார் அட்மிரல், கவுண்ட் ஃப்ளீட், ஜஸ்டிஃபை எல்லாமே முன்னால் ஓடுகிறவை. தங்களுக்குள் முட்டி மோதிக் களைத்துவிடும்.

தெற்குவாசல்: அப்படியானால் பின்னாலிருந்து வரும் வேர்ல்அவே! வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும் கெட்ட பழக்கம் அதற்கு. 1941இல் பயிற்சியாளர் பென் ஜோன்ஸ் வலது கண்ணை மறைத்து, இடது கண் உள்வேலியை மட்டும் பார்க்கும்படி முகமூடியை வெட்டினார். அந்த டெர்பியை எட்டு குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது.

ஒன்றேகால்மைல்: நல்ல வாதம். அப்புறம் அசால்ட் என்ற குதிரையையும் சொல்லணும். குட்டியாக இருந்தபோது கூரான எதையோ மிதித்து, குளம்பு கோணலாகிவிட்டது. நடக்கும்போது நொண்டும், 1946இல் அதுவும் எட்டு நீளம்! கணினிக்கு அந்த நெஞ்சுரம் தெரியுமா? முதலிடம் செக்ரடேரியட், இரண்டாவது சைட்டேஷன். நான்காவதாவது அசால்ட் வரட்டும்.