விட்சர் 3 முடித்துவிட்டு பெர்சோனா 5: ஜப்பானிய ஆர்பிஜியில் நம் முடிவுக்கு மதிப்பே இல்லையா?

கேள்வி:
விட்சர் 3 வீடியோ கேமில் ப்ளடி பாரன் என்பவனின் குடும்பக் கதை என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. மரத்தடி ஆவியை விடுவித்தேன், அநாதைக் குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பாரன் தூக்கில் தொங்கினான். எல்லாம் என் முடிவால். இப்போது ஜப்பானிய ஆர்பிஜியான (ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம்) பெர்சோனா 5 ஆடுகிறேன். பள்ளிக்கூடம், பகுதிநேர வேலை, நண்பர்கள் என்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை அதன் போக்கில் போகிறது. அப்புறம் என்னிடம் ஏன் கேட்க வேண்டும்?

பதில் 1:
இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1981-இல் அமெரிக்காவில் அல்டிமா, விசார்ட்ரி என்ற இரண்டு கம்ப்யூட்டர் ஆர்பிஜிகள் வந்தன. அவற்றில் மனதைப் பறிகொடுத்த ஜப்பானியர் யூஜி ஹோரி, 1986-இல் டிராகன் குவெஸ்ட் என்ற ஆட்டத்தைச் செய்தார். மேலிருந்து பார்க்கும் உலகம் அல்டிமாவில் இருந்து வந்தது, எதிரியை நேருக்கு நேர் பார்த்துக் கட்டளை கொடுக்கும் சண்டை விசார்ட்ரியில் இருந்து. அது வந்த ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் கருவிக்கு கீபோர்டு கிடையாது, கையில் இருப்பது சில பட்டன்கள்தான். சின்னப் பையனும் ஆட வேண்டும் என்று விதிகளை எளிதாக்கிக் கதையை முன்னால் நிறுத்தினார். அமெரிக்கர்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கினார்கள். மேசையில் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பழக்கம் அவர்களை விடவில்லை, அங்கே நாயகனை உருவாக்குவதே ஆடுபவரின் வேலை.

1997-ஐ மட்டும் பாருங்கள். ஜப்பானிய ஆட்டமான ஃபைனல் ஃபேண்டசி 7-இல் நாயகனின் தோழி ஏரித்தைச் சாவிலிருந்து காப்பாற்ற வழியே கிடையாது. அவளை எவ்வளவு பாடுபட்டு வளர்த்திருந்தாலும் சரி. அதே ஆண்டு அமெரிக்க ஆட்டமான ஃபால்அவுட்டில், சூப்பர் மியூட்டன்ட் என்ற உருமாற்றப்பட்ட மனிதர்களுக்குப் பிள்ளை பிறக்காது என்பதை ஆதாரத்தோடு காட்டினால், அவர்களை உருவாக்கும் வில்லன் மாஸ்டர் சண்டையில்லாமலே தன்னை அழித்துக்கொள்கிறான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில் க்ரோனோ ட்ரிக்கர் என்ற ஜப்பானிய ஆட்டம், 1995. திருவிழாவில் மேசைமேல் யாரோ வைத்த சாப்பாட்டை எடுத்துத் தின்றீர்களா? பூனையைத் தொலைத்த சிறுமிக்கு உதவினீர்களா? மோதி விழுந்த மார்ல் என்ற பெண்ணிடம் பேசும் முன்பே அவள் பதக்கத்தை எடுத்தீர்களா? இதையெல்லாம் பொழுதுபோக்காகச் செய்துவிட்டுப் போவோம். பிறகு நாயகனை விசாரிக்கும் நீதிமன்றத்தில் அந்தச் சின்னச் சின்னச் செயல்களே சாட்சியாக எழுந்து நிற்கும். நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் சிறைதான், கதை மாறாது. ஆனாலும் என் நடத்தையை ஒருவர் கவனித்தார், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விட்சரில்கூட எனக்கு இவ்வளவு உறைத்ததில்லை.

பதில் 2:
முந்தைய பதிலோடு ஒத்துப்போகிறேன், ஆனால் பெர்சோனா 5-ஐ அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதீர்கள். விசாரணை அறையில் அரசு வழக்கறிஞர் சே நிஜிமா நண்பர்களின் பெயரைக் கேட்கும்போது சொல்லிவிட்டால், அங்கேயே மோசமான முடிவு. பெர்சோனாவை உருவாக்கிய அதே அட்லஸ் நிறுவனத்தின் ஷின் மெகாமி டென்செய் 1992-லேயே ஒழுங்கு, குழப்பம், நடுநிலை என்று மூன்று வழியில் பிரிந்தது. எல்லா ஜப்பானிய ஆட்டத்தையும் ஒரே பெட்டியில் அடைக்க முடியாது.

கேட்டவர்:
பெயரைச் சொல்ல மாட்டேன், நன்றி! க்ரோனோ ட்ரிக்கரை இப்போது எதில் ஆடலாம்?

பதில் 1:
கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் 2018-இலிருந்து இருக்கிறது, போனிலும் கிடைக்கும். ஒருமுறை முடித்ததும் நியூ கேம் ப்ளஸ் (சேர்த்த பலத்தோடு மறுபடி முதலிலிருந்து ஆடுவது) தொடங்குங்கள். இறுதி எதிரியான லாவோஸை எந்தக் கட்டத்தில் வீழ்த்துகிறீர்களோ அதற்கேற்ப முடிவு மாறும், பத்துக்கும் மேல் இருக்கின்றன. திருவிழாவில் அவசரப்படாமல் எல்லோரிடமும் பேசுங்கள்.