ஒரே ஃபிலிம், பக்கத்துக்கு ஒரு தொடுகோணம்: எந்த எண்ணை எடுப்பது?

கேள்வி:
பிஎல்ஏ-பெக் பிளாக் கோபாலிமரை (நீரை அவ்வளவாக விரும்பாத பாலிலாக்டிக் அமிலமும் நீர்விரும்பியான பாலிஎத்திலீன் கிளைக்காலும் ஒரே சங்கிலியில் துண்டு துண்டாக இணைந்த பாலிமர்) குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடியில் ஊற்றி ஃபிலிம் எடுக்கிறேன். காற்றுப் பக்கத்தில் நீர்த்துளி வைத்தால் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்; குறைவாக இருந்தால் பரப்பு நீரை அதிகம் விரும்புகிறது) முதலில் 75° அளவில் நிற்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிக்கொண்டே போகிறது. உரித்துத் திருப்பினால் கண்ணாடிப் பக்கம் எடுத்த எடுப்பிலேயே குறைவு. செல்கள் ஒட்டுவதும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. பொருள் ஒன்றுதானே, ஏன் இப்படி?

பதில் 1:
பொருள் ஒன்றுதான், ஆனால் செல் தொடுவது மேலே இருக்கும் சில நானோமீட்டரை மட்டுமே. உலரும்போது மேற்பரப்பு ஆற்றல் குறைந்த பிஎல்ஏ காற்றை நோக்கி வந்துவிடும், பெக் உள்ளே ஒதுங்கும். கண்ணாடி நீர்விரும்பி என்பதால் அந்தப் பக்கம் பெக் கூடுதலாகச் சேர வாய்ப்பிருக்கிறது. தண்ணீர் பட்டதும் பெக் மெல்ல மேலே எழும், கோணம் இறங்கும். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: துளியின் அடிவட்டம் அப்படியே இருக்க உயரம் மட்டும் குறைந்தால் அது வெறும் ஆவியாதல். அடி அகன்று கன அளவு மாறாமல் இருந்தால்தான் ஃபிலிம் மாறுகிறது என்று சொல்லலாம்.

கேட்டவர்:
நன்றி. எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் பாய்ச்சி மேற்பரப்பின் வேதி அமைப்பைப் பார்க்கும் முறை) எடுத்தால் தெளிவாகிவிடுமா?

பதில் 2:
பாதிதான். அது மேல் 10 நானோமீட்டர் வரை பார்க்கும், சரி, ஆனால் வெற்றிடத்தில், உலர்ந்த நிலையில். நீங்கள் ஊறவைத்துக் காயவைத்துக் கொண்டுபோனால் பிஎல்ஏ மறுபடி மேலே வந்திருக்கலாம். உறையவைத்துக் குளிர்நிலையிலேயே அளக்கும் வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஃபிலிமைத் தண்ணீருக்குள் தலைகீழாகப் பிடித்து, கீழிருந்து காற்றுக் குமிழி விட்டு, அதன் தொடுகோணத்தை அளந்துவிடுங்கள். செல்லுக்குத் தெரியும் பரப்பு அந்த ஈரமான பரப்புதான், உலர் எண்ணை மட்டும் எழுதிவிட்டுச் செல் ஒட்டுதலோடு தொடர்புபடுத்துவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

பதில் 3:
இன்னும் இரண்டு. வினைபுரியாத பெக் மிச்சம் இருந்தால் அது கரைந்து வெளியேறும், அதுவும் கோணத்தை மாற்றும். ஊறவைப்பதற்கு முன்னும், ஊறவைத்து நன்றாக உலர்த்திய பின்னும் எடை பாருங்கள். அப்புறம் செல்களை சீரத்தோடு (இரத்தத்திலிருந்து எடுக்கும், புரதங்கள் உள்ள திரவம்) விடுகிறீர்களா? அப்படியென்றால் செல் வந்து சேருவதற்குள் ஆல்புமின், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் எல்லாம் பரப்பில் படிந்துவிடும். பெக் நிறைந்த இடத்தில் அந்தப் படிவே குறையும், ஒட்டுதலும் குறையும். இரு பக்கத்தையும் சீரம் உள்ளதிலும் இல்லாததிலும் ஒரே நாளில் வைத்துப் பாருங்கள்.