டொராண்டோ செல்லும் முன் கடன் வரலாறு: வழிகாட்டுங்கள்

நண்பர்களே, கனடாவின் நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டது. கோவையிலிருந்து மனைவி, மகளுடன் டொராண்டோ போகிறோம். என் கவலை வீடு பற்றியது. வாடகைக்கு விடுபவர்கள், நாம் கடனை எப்படித் திருப்பிக் கட்டினோம் என்று பதிவு செய்யும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ் அல்லது டிரான்ஸ்யூனியன் தரும் கடன் அறிக்கையைக் கேட்கிறார்கள். புதிதாக வருபவருக்கு அங்கே அப்படி ஒன்று இருக்காது. இந்தியாவில் பல ஆண்டுகளாக வீட்டுக் கடன் தவணையைத் தவறாமல் கட்டிவருகிறேன், இங்குள்ள கடன் மதிப்பெண்ணான சிபிலும் நன்றாகவே இருக்கிறது. இத்தனை ஒழுங்கும் எல்லை தாண்டியதும் பெரும்பாலும் கணக்கில் வராது என்பது நியாயமாகவே படவில்லை.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையை இங்கே வைத்திருந்தால், அந்த உறவைக் காட்டி அங்கே புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இதற்காகவே இப்போது ஓர் அட்டை வாங்குவது பயன் தருமா? எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள்? வைப்புத்தொகை கட்டிப் பெறும் கடன் அட்டையோடு தொடங்கியவர்களும் சொல்லுங்கள்.

முக்கியமாக, டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் முதல் வாடகை வீடு பிடித்தவர்கள் கடன் அறிக்கைக்குப் பதிலாக எதைக் காட்டினீர்கள்? வேலை நியமனக் கடிதம், வங்கி இருப்பு, சிபில் அறிக்கை, இவற்றில் எதை உரிமையாளர் ஏற்றார்? மகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் முகவரி வேண்டும் என்பதால் அவசரமாகக் கேட்கிறேன்.