டாக்பேக் வகுப்புகள்: மைக்குக்கு இருபுறமும் இருந்தவர்களின் அனுபவங்கள்

ஸ்டுடியோ ஆசிரியர்:

செயற்கைக்கோள் வழியாகப் பாடம் நடத்துகிறவன் நான். மாணவர்கள் வெவ்வேறு மையங்களில் உட்கார்ந்து என்னைத் திரையில் பார்ப்பார்கள். எனக்கு அவர்களுடைய குரல் மட்டும்தான் வரும். முகம் சுளிக்கிறார்களா, தலையாட்டுகிறார்களா, எதுவும் தெரியாது. டாக்பேக்கில், அதாவது மாணவர்கள் மைக்கில் எனக்குத் திருப்பிப் பேசும் வழியில், வருகிற ஒவ்வொரு வார்த்தையும் அதனாலேயே எனக்குப் பெரிது.

புதிதாக வருகிற ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள். "சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார்கள். சத்தமே வராது. சரி, இல்லை போலிருக்கிறது என்று அடுத்த வரியைத் தொடங்குவார்கள். அந்த நேரம் பார்த்து "சார்..." என்று ஒரு குரல் வரும். இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் ஒரே நேரத்தில் மறுபடி தொடங்குவார்கள். "நீங்க சொல்லுங்க சார்", "இல்லப்பா, நீ கேளு" என்று இரண்டு சுற்று போனால், பையன் மைக்கை வைத்துவிடுவான்.

அவன் மேல் தப்பே இல்லை. புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. என் கேள்வி மேலே ஏறி மையத்துக்கு இறங்கவே கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். பதிலும் அதே வழியில் வந்தால் இன்னொரு கால் நொடி. ஒலியையும் படத்தையும் சுருக்கி விரிக்கும் கருவிகள் எடுக்கிற நேரம் தனி. அதற்கு மேல், மாணவர் துணிவை வரவழைத்துக்கொண்டு மைக் இருக்கும் இடத்துக்கு எழுந்து வர வேண்டும்.

நேரில் நடக்கும் வகுப்பிலேயே ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் காட்டினார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, அதிகம் பேர் பேசினார்கள். டாக்பேக்கில் மூன்று நொடியும் போதாது. நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். எண்ணும்போது பலகையை அழிப்பதோ தாளைப் புரட்டுவதோ கிடையாது, கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆசிரியர் காத்திருக்கிறார் என்று அந்தப் பக்கம் தெரிய வேண்டும்.

இன்னொன்று. "யாராவது சொல்லுங்க" என்று கேட்டால் எல்லா மையமும் அடுத்த மையம் பேசட்டும் என்று இருந்துவிடும். முதலில் மையத்தின் பெயர், அப்புறம் மாணவரின் பெயர், கடைசியில் கேள்வி. இந்த வரிசையில் கேட்டால், கேள்வி முடிவதற்குள் மைக் உரிய கைக்குப் போய்விடும்.

மையத்தில் கருவிகளைக் கவனிப்பவர்:

சார் சொன்ன தாமதத்தோடு எதிரொலியும் சேர்ந்துகொண்டால் யாராலும் பேச முடியாது. தன் குரலே கொஞ்சம் பிந்திக் காதில் விழுந்தால் நாக்கு குழறும். 1950-களிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வந்தால், கோளாறு உங்கள் அறையில் இல்லை. எதிர் அறையில் ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அங்கே திறந்திருக்கும் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் எதிரொலி கேட்டவுடன் ஸ்டுடியோவில் இருப்பவர்கள் தங்கள் ஸ்பீக்கரைத்தான் குறைப்பார்கள். அதனால் எதுவும் மாறாது. எந்த மையத்தின் மைக் திறந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மூடச் சொல்ல வேண்டும்.

எல்லா மையங்களின் குரலையும் கலந்து அனுப்பும்போது, ஒவ்வொரு மையத்துக்கும் அதன் சொந்தக் குரலை மட்டும் விலக்கி அனுப்பவும் வேண்டும். இதை விட்டுவிட்டு விலை உயர்ந்த எதிரொலி நீக்கி வாங்கி வைத்துப் பயனில்லை. எதிரொலி நீக்கியும் அறைக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும் கருவிதான். யாராவது மைக்கை எடுத்து வேறு பக்கம் திருப்பினால், அது மறுபடி பழகும் வரை எதிரொலி எட்டிப் பார்க்கும்.

முன்னாள் மாணவி:

நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். பொத்தானை அழுத்தியதும் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். நம் குரல் எல்லா மையங்களிலும் கேட்கிறது என்று நினைத்தாலே வாய் உலர்ந்துவிடும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா ஒரு வழி செய்தார். வகுப்பு தொடங்குமுன் வருகைப் பதிவை மைக்கிலேயே எடுப்பார். எல்லோரும் ஒரு முறை பொத்தானை அழுத்தித் தங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். அப்புறம் கேள்வி கேட்பது அவ்வளவு கடினமாகத் தோன்றவில்லை. வேறு மையத்துப் பெண் ஒருத்தி என் மனதில் இருந்த அதே சந்தேகத்தைக் கேட்டபோது வந்த நிம்மதியை இன்றும் மறக்க முடியவில்லை.

மொழி ஆசிரியை:

இந்த அழுத்திப் பேசும் பழக்கம் செயற்கைக்கோளுக்கு முந்தியது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-ல் தொடங்கிய வானொலிப் பள்ளி, பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலிக் கருவிகளைக் கொண்டே தொலைவில் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது. இந்தியாவில் 2004 செப்டம்பரில் ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள் கல்விக்கென்றே அனுப்பப்பட்டது.

இப்போது "சாட்டில் (திரையில் எழுதி அனுப்பும் உரையாடலில்) தட்டினால் போதாதா, மைக் எதற்கு?" என்று கேட்கிறார்கள். கணக்குக்கு விடை அனுப்ப அது போதும். ழகரத்தை ஒரு பிள்ளை எப்படி உச்சரிக்கிறது என்று சாட்டில் தெரியாது. பதில் சொல்லும்போது குரல் எங்கே தயங்குகிறது என்பதும் தெரியாது. எனக்கு அந்தத் தயக்கம்தான் வேண்டும். அடுத்து எதை விளக்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

கருவிகளைக் கவனிப்பவரிடம் ஒரு கேள்வி. பின்வரிசைப் பிள்ளைகளின் குரல் எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. என்ன செய்யலாம்?

மையத்தில் கருவிகளைக் கவனிப்பவர்:

மேடம், வால்யூமைக் கூட்டச் சொல்லாதீர்கள், ஸ்பீக்கர் ஊளையிடும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டு வரும் ஒலி அப்படிக் குறையாததால்தான் கிணற்றுச் சத்தம். மைக்கைப் பின்வரிசைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நிறைய மைக் வைத்து எல்லாவற்றையும் திறந்துவிடவும் கூடாது. திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஊளை வராமல் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். பேசுகிறவர் மைக் மட்டும் திறந்திருக்கட்டும். வகுப்புக்கு முன்னால் சோதிக்கும்போதும் முன்வரிசையில் நின்று "ஹலோ ஹலோ" சொன்னால் போதாது. கடைசி பெஞ்சில் இருப்பவரை ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லி, ஸ்டுடியோவில் அதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.