கோப்ரா முடிந்த பிறகு மெடிகேர் பார்ட் பி எடுக்கலாமா? ஓஹியோ, வயது 67

கேட்டவர் (நவம்பர் 14, 2024):

வணக்கம். மார்ச் 31-ஆம் தேதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். 65 ஆனபோதே மெடிகேரில் (மூத்தவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ எடுத்துவிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் வரி கட்டியிருப்பதால் அதற்குப் பிரீமியம் இல்லை. கம்பெனி இன்சூரன்ஸ் இருந்ததால் டாக்டர் செலவுக்கான பார்ட் பி எடுக்கவில்லை. ஓய்வு பெற்றதும் எனக்கும் மனைவிக்கும் (வயது 62) கோப்ரா வாங்கினேன் (வேலை நின்ற பிறகும் நாமே பணம் கட்டிக் கம்பெனி இன்சூரன்ஸைத் தொடர்வது), 2025 செப்டம்பர் வரை இருக்கிறது. "கோப்ரா முடிந்ததும் பார்ட் பி-யில் சேர்ந்துகொள்ளுங்கள், அதுவரை அவசரம் இல்லை" என்று கம்பெனி ஹெச்ஆரில் சொன்னார்கள்.

இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை சேரலாம் என்று விளம்பரமாக வருகிறது. இந்த வருஷமே சேர வேண்டுமா, அடுத்த வருஷ அக்டோபரில் சேர்ந்தால் போதுமா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, அதனால்தான் கவலை.

பதில் 1:

சார், ஹெச்ஆரில் சொன்னது தவறு. இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள், உங்களுக்கு நவம்பர் 30 வரைதான் நேரம்.

வேலையோ, அந்த வேலையால் வந்த இன்சூரன்ஸோ, எது முதலில் நிற்கிறதோ அதற்கு அடுத்த மாதத்திலிருந்து 8 மாதம் பார்ட் பி-க்குத் தனிக் காலம் தருகிறார்கள். உங்களுக்கு அது ஏப்ரலில் தொடங்கி நவம்பரோடு முடிகிறது. கோப்ரா இந்த 8 மாதத்தை நீட்டாது. வேலையில் இருக்கும்போது கிடைக்கும் இன்சூரன்ஸை மட்டும்தான் அவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

விளம்பரத்தில் வரும் அக்டோபர் 15 – டிசம்பர் 7 ஏற்கெனவே மெடிகேரில் இருப்பவர்கள் மருந்துத் திட்டத்தையோ, மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் அட்வான்டேஜ் திட்டத்தையோ மாற்றிக்கொள்வதற்கான காலம். முதல் தடவையாகப் பார்ட் பி எடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் குழம்பாதவர்களை நான் பார்த்ததில்லை.

பதில் 2:

பதறத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நவம்பர் தவறினாலும் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை பொதுச் சேர்க்கைக் காலம் இருக்கிறதே?

பதில் 1:

இருக்கிறது, மறுக்கவில்லை. ஜனவரியில் சேர்ந்தால் பிப்ரவரி 1 முதல் கவரேஜ் வரும். முழுசாக 12 மாதம் தாமதம் ஆகாததால் அபராதமும் வராது. ஆனால் சார் திட்டப்படி செப்டம்பர் 2025 வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அப்போது எந்த வாசலும் திறந்திருக்காது. 2026 ஜனவரியில் விண்ணப்பித்து, பிப்ரவரியில்தான் பார்ட் பி தொடங்கும். நடுவில் நான்கு மாதம் டாக்டர் செலவுக்கு ஒன்றுமே இல்லை. தாமதம் 12 மாதத்தைத் தாண்டிவிடுவதால் 10% அபராதமும் சேரும். அது ஒரு தடவை கட்டி முடிகிற அபராதம் இல்லை, பார்ட் பி இருக்கும் வரை மாதாமாதம் பிரீமியத்தோடு வரும்.

பதில் 3:

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன் அண்ணா. என் கணவரும் கோப்ராவை நம்பி இருந்தார். ஒரு எம்ஆர்ஐ எடுத்தோம். ஆறு வாரம் கழித்துத் தபாலில் ஒரு தாள் வந்தது. மொத்தத் தொகை, அதற்குக் கீழே "மெடிகேர் கட்டியிருக்க வேண்டிய பங்கு" என்று ஒரு வரி, அதற்கும் கீழே கோப்ரா கொடுத்த சின்னத் தொகை. மீதி எங்கள் தலையில். மெடிகேருக்குத் தகுதி வந்தவருக்கு மெடிகேர்தான் முதலில் கட்ட வேண்டும், கோப்ரா அதற்குப் பிறகுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முழு பிரீமியமும் அதற்கு மேல் 2 சதவீதமும் கட்டிக்கொண்டிருந்தோம்! ஏப்ரலிலிருந்து உங்கள் பெயரில் போன பில்களை எடுத்துப் பாருங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்:

படித்ததும் கை நடுங்கிவிட்டது. ரொம்ப நன்றி. என்னென்ன தாள் வேண்டும்? மனைவிக்குக் கோப்ரா என்ன ஆகும்?

பதில் 1:

இரண்டு படிவம். சிஎம்எஸ்-40பி நீங்கள் நிரப்புவது. சிஎம்எஸ்-எல்564 பழைய கம்பெனி நிரப்பித் தர வேண்டியது, எந்தத் தேதி வரை வேலை, எந்தத் தேதி வரை இன்சூரன்ஸ் என்று. இரண்டையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆன்லைனிலும் முடியும். கம்பெனி இழுத்தடித்தால் காத்திருக்காதீர்கள். இன்சூரன்ஸ் பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டு, டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடாந்தரச் சம்பள, வரித் தாள்), தேதி உள்ள இன்சூரன்ஸ் அட்டை இவற்றை ஆதாரமாக வைக்கலாம். நவம்பர் 30 சனிக்கிழமை, 28 தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அதனால் அடுத்த வாரமே கொடுத்துவிடுங்கள். இந்த மாதம் கொடுத்தால் டிசம்பர் 1 முதல் பார்ட் பி. மாதப் பிரீமியம் இந்த வருஷம் (2024) 174.70 டாலர், 2025-க்கு 185. இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானம் கூடுதலாக இருந்து அதிகப் பிரீமியம் கேட்டால், வேலை நின்றதைக் காட்டி எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுங்கள்.

பார்ட் பி உறுதியாகும் வரை கோப்ராவை விடாதீர்கள். அப்புறம் மருந்து: கோப்ராவை விட்டபின் மெடிகேரின் மருந்துத் திட்டமான பார்ட் டி-யில் சேர இரண்டு மாதம் உண்டு. 63 நாள் தொடர்ந்து மருந்துக் கவரேஜ் இல்லாமல் போனால் அதற்கும் தனி அபராதம் இருக்கிறது.

சர்க்கரை என்றீர்களே, அதற்காக இதைக் கவனமாகப் படியுங்கள். பார்ட் பி கட்டும் 80% போக மீதி 20 சதவீதத்துக்கு மெடிகாப் என்ற துணைக் காப்பீடு உண்டு. பார்ட் பி தொடங்கும் நாளிலிருந்து 6 மாதம், எந்த நோய் இருந்தாலும் மெடிகாப் கம்பெனி உங்களை மறுக்க முடியாது, அதிக விலையும் சொல்ல முடியாது. உங்களுக்கு அது மே 31 வரை. அந்த ஆறு மாதம் போனால் உங்கள் மாநிலத்தில் உடல்நிலையைக் கேட்டுத் தட்டிக்கழிக்கலாம். "முதலில் அட்வான்டேஜில் இருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் மெடிகாப்" என்று யாராவது சொன்னால், வருஷா வருஷம் மாற்றலாம் என்ற பேச்சு இந்த இடத்தில் செல்லாது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் உங்களுக்குப் பார்ட் பி அபராதத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

பதில் 3:

மனைவியின் கோப்ரா அவருடைய சொந்த உரிமை அண்ணா. நீங்கள் விலகினாலும் அவர் 2025 செப்டம்பர் வரை இருக்கலாம். அது தானாக முடியும்போது மார்க்கெட்பிளேஸில் (தனியார் இன்சூரன்ஸ் வாங்குவதற்கான அரசுச் சந்தை) சேர 60 நாள் கிடைக்கும். நடுவில் அவராக விட்டுவிட்டால் அந்தச் சலுகை இல்லை, நவம்பர் 1-இல் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். திட்டம் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் மாநில ஷிப் (மெடிகேருக்கு உதவும் அரசு ஆலோசனைத் திட்டம்) ஆலோசகரைக் கூப்பிடுங்கள், காசு வாங்க மாட்டார்கள், எதையும் விற்கவும் மாட்டார்கள்.

கேட்டவர் (டிசம்பர் 9):

நவம்பர் 19-ஆம் தேதி இரண்டு படிவமும் கொடுத்தேன். ஹெச்ஆர் கையெழுத்துக்கு இரண்டு நாள் அலைய வேண்டியிருந்தது, கடைசியில் நேரிலேயே போய் வாங்கினேன். இன்று அட்டை வந்துவிட்டது. பார்ட் பி-க்கு எதிரே 12-01-2024 என்று அச்சிட்டிருக்கிறது. ஏப்ரலிலிருந்து வந்த பில்களை அடுக்கிப் பார்த்ததில், ஆகஸ்டில் எடுத்த கண் பரிசோதனை ஒன்று இன்னும் முடியாமல் நிற்கிறது. அதைப் பற்றிக் கோப்ரா கம்பெனியிடம் கேட்டிருக்கிறேன். நாளை ஷிப் ஆலோசகரோடு மெடிகாப் பேச நேரம் வாங்கியிருக்கிறேன்.